நடவு நாளில் ஒரு கவளம்

சாலவாக்கம்,
14.7.2024

அன்புத் தங்கை இளமதிக்கு,

அக்கா பாஞ்சாலி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் அம்மாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நம் அரவிந்தன் அப்படிப் படுத்திருக்கும்போது. உனக்கு உடம்பு எப்படி? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இருக்கிற ஒரு நல்ல போனும் தம்பியிடம் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கூப்பிடுவார்கள் என்று. என்னுடைய பட்டன் போனில் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் கிட்னியைப் பற்றி உன்னோடு என்ன பேசுவது?

வியாழக்கிழமை சென்னைப் பெரிய டாக்டரைப் பார்த்தோம். இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். வாரம் இரண்டு தடவை செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் போவது எத்தனை நாளுக்குத் தாங்கும், கூடப்பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால்தான் வழி என்றார். அம்மாவுக்குச் சர்க்கரை, ஒதுக்கிவிட்டார்கள். உனக்கு பி குரூப் என்று அம்மாவே டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எனக்கும் அவனுக்கும் ஓ பாசிட்டிவ். ஆக நான் ஒருத்திதான் பாக்கி.

சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என்னைத் தராசில் ஏற்றினார்கள். எழுபத்தொன்பது கிலோ. என் உயரத்துக்கு இது மிக அதிகமாம், எழுபதுக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்களாம். பக்கத்தில் நின்ற உதவியாள் சிரித்துக்கொண்டே, "வூட்ல சும்மா உக்காந்துகினு இருந்தா இப்டிதாம்மா. கொஞ்சம் உடம்ப வளைச்சு வேல செய்ங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தை அரவிந்தனுக்காக விழுங்கினேன். அன்றைக்கு நான் இரண்டு மாட்டைக் கறந்து, சாணி அள்ளி, கழனிக்குத் தண்ணீர் மடை மாற்றிவிட்டு, ஐந்தரை பஸ் பிடித்து வந்திருந்தேன். வேலை செய்கிறவள் குண்டாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் போட்டிருக்கிறது?

ஊர் பேர் தெரியாதவர்களை எல்லாம் போனிலேயே இளைக்க வைக்கிற வேலை உனக்கு. கூடப்பிறந்தவளை இளைக்க வைக்க மாட்டாயா? என்ன தின்ன வேண்டும், எதை விட வேண்டும், எழுது. நீ சொன்னபடி செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
பாஞ்சாலி


பெருங்குடி, சென்னை,
22.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மாமா, பிள்ளைகள் சுகமா? அண்ணனை மீன் குழம்பு பக்கம் போகவிடாதே, ஆசைப்படுவான்.

உன் கடிதத்தை ஆபீஸ் பஸ்ஸில் நாலு தடவை படித்தேன். நீ கவலைப்படாதே. டாக்டர் கொடுத்த நாலு மாதத்தில் உன்னை அறுபத்தொன்பதில் நிறுத்துவது என் பொறுப்பு. எங்கள் ஆப்பில் உன் பெயரைச் சேர்த்து, உன் விவரங்களை நானே நிரப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் "வேலைக்குப் போறியா?" என்று கேட்டேன் அல்லவா, நீ "இல்லடி, வூட்லதான் கீறேன்" என்றாய். அதையே போட்டிருக்கிறேன். உன் வயது, உயரம், எடைக்கு ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி வந்திருக்கிறது. அந்தச் சார்ட்டை அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

காலையில் இரண்டு இட்லி, தொட்டுக்கொள்ளச் சாம்பார். மதியம் ஒரு கரண்டி சோறு, ஒரு கிண்ணம் காய், ஒரு முட்டை. சாயங்காலம் சர்க்கரை போடாத டீ. ராத்திரிக்கு ஒரு சின்னக் கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சி. அவ்வளவுதான். இதோடு தினமும் முக்கால் மணி நேரம் கை வீசி வேகமாக நட.

ஒன்று முக்கியம். நடந்துவிட்டு வந்தால் பசிக்கும். "எரித்துவிட்டேனே, அதற்கு ஈடாகக் கொஞ்சம் சாப்பிடலாமே" என்று தோன்றும். கூடாது. எரித்ததைத் திரும்பச் சாப்பிட்டால் எரித்ததற்கு அர்த்தமே இல்லை. எங்கள் கம்பெனியில் முதல் பாடமே இதுதான்.

எடையை வாரம் ஒரு தடவை பார்த்து எழுது. அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
இளமதி


சாலவாக்கம்,
25.8.2024

அன்புள்ள இளமதிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உனக்குச் சளி என்று அம்மா சொன்னாள், மிளகு ரசம் வைத்துக் குடி.

எழுபத்தைந்தரை. சேட்டு அண்ணன் ரைஸ் மில்லில் நெல் மூட்டை நிறுக்கிற தராசில்தான் ஏறி நிற்கிறேன். முதல் நாள், "இன்னாம்மா, உன்ன எந்த ரகத்துல எழுதிக்கினும்?" என்று கேட்டார். மோட்டா ரகத்தில் எழுதுங்கள் என்றேன். இப்போது அவருக்கே என் எடையில் அக்கறை வந்து, முள் இறங்கினால் சந்தோஷப்படுகிறார்.

நடப்பதைத்தான் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ரோட்டில் கை வீசிக்கொண்டு போகிறேன். எதிரே வருகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்தி, "இன்னாக்கா, பஸ்ஸ உட்டுட்டியா? ஏறு, உத்திரமேரூர்ல எறக்கி வுடறேன்" என்கிறார்கள். எங்கேயும் போகவில்லை, சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். போகட்டும், தம்பிக்காக இதையும் செய்கிறேன்.

பசியைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சோறு போடும்போது அந்த ஆவிக்கே எனக்குக் கண் கலங்குகிறது. ஆனால் ஒரு பருக்கை கூட எடுக்கவில்லை, நம்பு.

ஒன்று கேட்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் நடவு. நம் கழனி இரண்டு நாளில் முடியும். அப்புறம் நமக்கு வந்து நட்டவர்கள் கழனிக்கெல்லாம் நான் போய் நட வேண்டும், அது இருபது நாளுக்குக் குறையாது. காலையில் சேற்றில் இறங்கினால் மதியம் வரைக்கும் குனிந்த முதுகு நிமிராது. நடவுக்குப் போகிற நாளில் மட்டும் ஒரு கவளம் கூடச் சாப்பிடலாமா? பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் பழைய சோறு, ஒரு வெங்காயம். நீ சரி என்றால் சாப்பிடுகிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.

அரவிந்தனுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. உன்னைக் கேட்டான்.

அன்புடன்,
பாஞ்சாலி


பெருங்குடி,
5.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. நீ மூன்றரை கிலோ இறங்கியதை என் டீமில் எல்லோருக்கும் சொன்னேன். பக்கத்து சீட் நிஷா, "உங்க அக்காவ நம்ம விளம்பரத்துல போடலாம்" என்றாள்.

நீ கேட்டதற்குப் பதில்: வேண்டாம் அக்கா. கோபித்துக்கொள்ளாதே. ஒரு நாளைக்கு முப்பது பேர் என்னிடம் இதையே கேட்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மெஷினில் அரை மணி நேரம் ஓடிவிட்டு இரண்டு குலாப் ஜாமூன் சாப்பிட்டார், கேட்டால் எரித்ததைத்தான் சாப்பிட்டேன் என்றார். மூன்று மாதமாக ஒரு கிலோ இறங்கவில்லை. மனிதர்கள் தாங்கள் உழைத்ததை எப்போதும் இரண்டு மடங்காகத்தான் நினைப்பார்கள். உழைத்ததாக நினைப்பதில் பாதிதான் நிஜம். இன்றைக்கு ஒரு கவளம் என்றால் நாளைக்கு இரண்டு ஆகும். இன்னும் ஆறரை கிலோதான். பல்லைக் கடித்துக்கொள்.

இன்னொரு செய்தி, அம்மா சொல்லியிருப்பாள். வாலாஜாபாத் வரனுக்குப் பிடித்துப்போய்விட்டது. தை மாதம் முகூர்த்தம் வைக்கலாம் என்கிறார்கள். அண்ணன் இப்படி இருக்கும்போது வேண்டாமே என்றேன், அம்மா கேட்கவில்லை.

அன்புடன்,
இளமதி


சாலவாக்கம்,
6.10.2024

இளமதிக்கு,

எழுபத்தொன்று. சேட்டு அண்ணன் சாட்சி.

பாதிதான் நிஜமா? நன்றாகச் சொன்னாய். எந்தப் பாதி என்று எழுதியிருந்தால் அந்தப் பாதியை மட்டும் நட்டுவிட்டு வந்திருப்பேன். நாற்றுப் பறிப்பது நிஜமா, அதைத் தலையில் சுமந்து வரப்பில் போவது நிஜமா, குனிந்து நடுவது நிஜமா? இதுவரை பதினோரு நாள் நட்டிருக்கிறேன். மெஷினில் ஓடுகிறவருக்கும் எனக்கும் ஒரே சட்டமா என்று கேட்டுவைக்கிறேன், பதில் வேண்டாம். கவளமும் வேண்டாம். நடையையும் விடவில்லை, நட்டுவிட்டு வந்து சாயங்காலம் நடக்கிறேன்.

உன் கல்யாணச் செய்தி கேட்டு மாமா சந்தோஷப்பட்டார். நானும்தான்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. தலைமுடிதான் கொஞ்சம் கொட்டுகிறது, தண்ணீர் மாற்றமாக இருக்கும்.

அக்கா


பெருங்குடி,
12.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் நான் வராததில் கோபமா? உன் போனை நீ எடுப்பதில்லை. அண்ணன் போனுக்கு அடித்தால் அம்மா எடுத்து, "அவ கழனில கீறா, அப்பறம் பேசு" என்று வைத்துவிடுகிறாள். போன கடிதத்தில் உன் எழுத்து கோணலாக இருந்தது. அவசரத்தில் எழுதினாய் என்று நினைத்தேன்.

எடை எவ்வளவு? டாக்டர் திரும்ப வரச் சொன்ன தேதி அடுத்த வாரம்தானே? எப்படி இருக்கிறாய் என்று மட்டுமாவது எழுது.

அன்புடன்,
இளமதி


சாலவாக்கம்,
24.11.2024

இளமதிக்கு,

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாயே, சொல்கிறேன், உட்கார்ந்து படி.

ஐப்பசி மூன்றாம் நாள் வீராசாமி கழனியில் நட்டுக்கொண்டிருந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. வரப்புக்குப் போய்விடலாம் என்று நிமிர்ந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். குப்புற விழுந்திருக்கிறேன். நாலு விரற்கடைத் தண்ணீர், மூக்கும் வாயும் சேற்றுக்குள். பக்கத்தில் நட்டவர்கள் பாட்டுச் சத்தத்தில் கவனிக்கவில்லை. வீராசாமி பார்த்து ஓடி வந்து முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என் கிட்னி இரண்டையுமே எடுத்திருக்கலாம், எடையைப் பற்றிக் கேள்வியே இல்லை.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் அம்மாவைத் தடுத்தேன். சொன்னால் நிறுத்தச் சொல்வாய், நிறுத்தினால் தேதி தள்ளிப்போகும் என்று பயம்.

தேதி எப்படியும் தள்ளித்தான் போயிற்று. புதன்கிழமை சென்னைக்குப் போனோம். அறுபத்தேழு கிலோ! தராசைப் பார்த்து நான் சிரித்தேன். அப்புறம் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஆனியில் பதினொன்றரை இருந்தது, இப்போது ஏழு புள்ளி ஒன்பது. டாக்டர் பேப்பரை மூடிவைத்துவிட்டார். "இப்ப இவங்களுக்கே ரத்தம் ஏத்தணும் போல இருக்கு, இவங்ககிட்டேருந்து எப்படி எடுக்கறது?" என்றார். நாலைந்து மாதம் நன்றாகச் சாப்பிட்டுத் தேறி வரச் சொல்லிவிட்டார். அரவிந்தன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் போய் நான் என்ன சொல்வது? எடை இறங்கிவிட்டது, ஆனால் ஆள் தேறவில்லை என்றேன். "பரவால்லக்கா, நீ மொதல்ல நாஷ்டா துன்னு" என்று கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். அவன் கையில் டயாலிசிஸ் ஊசி போடுகிற இடம் அடைத்துக்கொண்டு, இப்போது கழுத்து வழியாகப் போடுகிறார்கள். வாரம் மூன்று தடவை ஆகிவிட்டது.

அங்கே மாதவி என்று ஒரு உணவு ஆலோசகர். உன் சார்ட்டைப் பார்த்தாள். பிறகு, "காலைல எழுந்ததுலேருந்து என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். மாடு, சாணி, தண்ணீர், சமையல், கழனி, புல்லறுப்பு, திரும்ப மாடு. எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டாள். "நடவு நாளுக்கு ரெண்டாயிரமாவது சாப்பிட்டிருக்கணும். அப்பவும் மெல்ல எளைச்சிருப்பீங்க. இதுல நீங்க சும்மா உக்காந்திருக்கறதா போட்டிருக்கே, யார் போட்டது?" என்று கேட்டாள். என் தங்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியாது என்று சொன்னேன்.

ஏண்டி, அந்த உதவியாளுக்குத்தான் என்னைத் தெரியாது. உனக்கும் நான் சும்மா உட்கார்ந்திருப்பவளா? நான் நட்ட கழனிச் சோற்றைத் தின்றுதானே நீ காலேஜுக்குப் போனாய்? ஒரு கவளம் கேட்டேன். ஒரே ஒரு கவளம். குலாப் ஜாமூன் கதை சொன்னாய்.

பாஞ்சாலி


பெருங்குடி,
1.12.2024

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை. நேரே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆப்பில் வேலை என்ற இடத்தில் நாலுதான் இருக்கிறது. ஆபீஸ், கடை, வீடு, படிப்பு. கழனி இல்லை. நீ வீட்டில்தான் என்று சொன்னாய், உண்மைதான். நம் ஊரில் கம்பெனி பஸ் ஏறிப் போனால்தான் வேலைக்குப் போவது, சொந்தக் கழனியில் செத்தாலும் வீட்டில் இருப்பதுதான். ஆனால் எனக்குத் தெரியாதா? பத்தாவது லீவில் ஒரே ஒரு நாள் உன்னோடு நட்டுவிட்டு மறுநாள் எழுந்திருக்க முடியாமல் அழுதவள் நான். அப்படியும் வீடு என்பதை அமுக்கினேன். அதை அமுக்கினால் எண் வரும், வந்தது. எண் வந்த பிறகு உன்னை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று மேனேஜரிடம் போய் வயல் வேலை என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். "நம்ம கஸ்டமர் யாரும் நாத்து நடறதில்ல, இளமதி" என்று சிரித்தார். என் அக்கா நடுகிறாள், உங்கள் கணக்கை நம்பிச் சேற்றில் முகம் குப்புற விழுந்தாள் என்று கத்தினேன். மொத்த ஃப்ளோரும் திரும்பிப் பார்த்தது. அவர் மேல் கத்திவிட்டு என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். கத்த வேண்டியது யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்.

அக்கா, இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் மூன்று கடிதம் எழுதிவிட்டேன்.

எனக்கு பி இல்லை. ஓ பாசிட்டிவ். நீங்கள் டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "உனுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. ஒரு கிட்னி இல்லாத பொண்ண எவன் கட்டுவான்? நீ வாய தொறக்காத. அதான் பெரியவ கீறா இல்ல" என்றாள். நான் சரி என்றேன். அம்மா சொன்னதால்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை, எனக்கே பயம். அறுப்பார்கள் என்ற பயம், இந்த வரன் போய்விடும் என்ற பயம். நீ சீக்கிரம் இளைத்துவிட்டால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். ஒரு கவளம் கூட வேண்டாம் என்று எழுதிய அன்றைக்கும் அந்த நினைப்பு எனக்குள் இருந்தது.

இளமதி


சாலவாக்கம்,
29.12.2024

இளமதிக்கு,

தெரியும்.

ஆனி மாதத்திலிருந்து தெரியும். உன் காலேஜ் அடையாள அட்டை தொலைந்துபோய், ஆபீஸில் நின்று புதிதாக வாங்கி, உத்திரமேரூரில் லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தவள் நான். அதில் உன் போட்டோவுக்குக் கீழே எழுதியிருந்ததை நான் படிக்க மாட்டேனா? அம்மா டாக்டரிடம் பி என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

நீ சொல்வாய் என்று காத்திருந்தேன். உன் ஒவ்வொரு கடிதத்தையும் கடைசி வரியிலிருந்துதான் படிப்பேன், சொல்ல முடியாததை அங்கேதானே ஒட்டவைப்போம் என்று. அண்ணனிடம் கேட்டதாகச் சொல் என்று இருக்கும். நிஷா என்ன சொன்னாள் என்று இருக்கும். வரன் பிடித்துவிட்டது என்று இருக்கும். உனக்குப் பயம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானே சொல்லியிருப்பேன், நீ ஒதுங்கிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. பயப்படுகிறவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயந்துகொண்டே எனக்கு அளந்து போட்டாயே, அதற்குத்தான் என் வயிறு எரிகிறது. தின்னாதே என்று எழுத வந்த கைக்கு இதை எழுத ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

சரி, சொல்லிவிட்டாய். அதை என்னிடம் எதற்குச் சொல்கிறாய்? நானா ஆபரேஷன் செய்யப்போகிறேன்? டாக்டரிடம் சொல். நீ கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உன் உடம்பு உன்னுடையது. கொடுக்க முடியாது என்றால் வந்து அரவிந்தன் எதிரில் உட்கார்ந்து, முடியாதுண்ணா என்று சொல்லிவிட்டுப் போ. அவன் ஒன்றும் சொல்ல மாட்டான், டீ போட்டுத் தரச் சொல்வான். பி குரூப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

நான் சாப்பிடுகிறேன். மாதவி எழுதிக் கொடுத்தபடி முருங்கைக்கீரை, முட்டை, பேரீச்சம்பழம், மூன்று வேளைச் சோறு. ரத்தம் ஒன்பதுக்கு வந்திருக்கிறது. நான் தேறுவதற்குள் அவன் தாங்குவானா என்று தெரியவில்லை. மார்கழிக் குளிரில் மூச்சு வாங்குகிறான்.

பாஞ்சாலி


பெருங்குடி,
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? ரத்தம் ஏறுகிறதா?

பொங்கலுக்கு மறுநாளே டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். ஒரு மாதமாக டெஸ்ட். எல்லாம் சரியாக இருக்கிறது, நேற்று முடிவும் சொல்லிவிட்டார்கள். உனக்காகக் காத்திருக்க அண்ணனுக்கு நேரம் இல்லை, நானே கொடுக்கலாம் என்கிறார்கள். மார்ச் பன்னிரண்டு.

வாலாஜாபாத்துக்கு நானே போன் செய்தேன். அவர் அப்பா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "யோசிச்சு சொல்றோம்மா" என்றார். முகூர்த்தம் வைத்திருந்த நாள் போன திங்கட்கிழமை தாண்டிப் போயிற்று, போன் வரவில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு நாள், உடம்பைப் பார்த்துக்கொள் என்று மெசேஜ் போட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. "ரெண்டு பொண்ணையும் அறுக்க குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்" என்று அண்ணனிடம் அழுதாளாம்.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. இந்தத் தடவை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். அன்றைக்கு நீ வருவாயா? வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இளமதி


ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்,
15.3.2025

இளமதிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாததற்குக் காரணம் கோபம்தான், வேறு ஒன்றும் இல்லை. ஆனால் பதினோராம் தேதி சாயங்காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறேன். மேலே ஒருவரைத்தான் விடுகிறார்கள், அம்மா அழுத அழுகையில் அவளையே அனுப்பிவிட்டேன். அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நர்ஸ் சொன்னாள். நான் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிற இந்தக் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்துத் தெருவில் சேட்டு அண்ணன் தங்கை வீடு, அங்கே போய்ச் சமைத்து எடுத்துவருகிறேன்.

அரவிந்தனைக் கண்ணாடி வழியாகக் காட்டினார்கள். ஏழெட்டு மாதமாக நின்றுபோயிருந்த மூத்திரம் இறங்குகிறது. கட்டிலுக்குக் கீழே தொங்குகிற பையில் முக்கால் லிட்டர், இளமஞ்சளாக. நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். எதைப் பார்த்து அழுகிறோம் என்று எனக்கே கோபம் வந்தது.

வாலாஜாபாத்தில் இன்னும் யோசிக்கிறார்களாம். யோசிக்கட்டும். அவர்கள் வந்தால் உன்னைக் கேட்டுக்கொண்டு பேசுகிறேன், வராவிட்டால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் அனுப்பின சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டாயாம். நர்ஸ் ஏன் என்று கேட்டதற்கு, "படுத்துகினுதான கீறேன், ஒண்ணும் எரிக்கலயே, எனுக்கு எதுக்கு இவ்ளோ" என்றாயாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டு வந்து சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்புக்குள்ளே இருந்த ஒன்றை அறுத்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவள், இன்றைக்கு எவ்வளவு எரித்தோம் என்று கணக்குப் பார்க்கிறாளாம். உனக்கு வேறு வேலையே இல்லையா? யாரிடம் கற்றாய் இந்தப் புத்தியை? அந்தக் கம்பெனி உனக்குச் சம்பளம் கொடுத்ததா, உன்னையே தின்றுவிட்டதா?

கேரியரில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே குழைந்த பருப்புச் சோறு, நடுவில் பீர்க்கங்காய்க் கூட்டு, கீழே முட்டை. உப்பு, எண்ணெய் எல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான் போட்டேன். மூன்றும் காலியாகக் கீழே வர வேண்டும். கால் கவளம் மிச்சம் இருந்தாலும் எடுத்துக்கொண்டு நானே மேலே வருவேன், எந்த வாட்ச்மேன் தடுக்கிறான் பார்க்கிறேன்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை. கோபத்தோடுதான் காலையில் அரிசி களைந்தேன், கோபத்தோடுதான் ஊதி ஆறவைத்தேன். நாலு மணிக்கு அம்மாவைக் கீழே வரச் சொல்லியிருக்கிறேன், வந்து நேரில் திட்டுகிறேன்.

முதலில் சாப்பிடு.

அக்கா